ஜே.சி. குமரப்பா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காந்தியப் பொருளாதாரம் என்று பேச்சு வந்தால் ஜே.சி. குமரப்பாவின் பெயர் ஒரு வரியில் வந்துவிட்டுப் போய்விடும். தஞ்சாவூரில் பிறந்து, மதுரைப் பக்கம் கடைசிக் காலத்தைக் கழித்த ஒருவரைப் பற்றித் தமிழ்நாட்டிலேயே பலருக்கு அதற்கு மேல் தெரியாது என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

யார் இந்தக் குமரப்பா?

1892 ஜனவரி 4ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, 1919இல் திரும்பி வந்து, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் நடத்தினார். நல்ல வருமானம், நல்ல சூட்டு, ஆங்கிலேயப் பழக்கவழக்கம். 1929க்குப் பிறகு அதையெல்லாம் விட்டுவிட்டு, அடுத்த முப்பது வருடம் கிராமத் தொழில்களுக்காகவே வாழ்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1960 ஜனவரி 30 அன்று இறந்தார். காந்தி சுடப்பட்ட அதே தேதி.

அவரைப் பொருளாதார அறிஞர் என்று சொல்வது சரிதான். ஆனால் என் பார்வையில் அவர் கடைசிவரை ஆடிட்டராகவே இருந்தார். கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்தவர், பிறகு சாம்ராஜ்யத்தின் கணக்கை, ஆலைகளின் கணக்கை, மனிதன் இயற்கையிடம் வைத்திருக்கும் கணக்கை எடுத்துத் தணிக்கை செய்தார். எங்கே போனாலும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த லாபம் யாருடைய பேரேட்டில் நஷ்டமாக விழுந்திருக்கிறது?

வசதியாக இருந்த ஆடிட்டர் எப்படி மாறினார்?

ஒரே நாளில் மாறவில்லை. 1927இல் அமெரிக்கா போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்துவிட்டு, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பேராசிரியர் எட்வின் செலிக்மன். பொது நிதி என்ற துறையில் அன்றைக்குப் பெரிய பெயர்.

ஒருநாள் ஒரு தேவாலயத்தில் குமரப்பா இந்தியாவின் வறுமையைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சு நியூயார்க் டைம்ஸில் செய்தியாக வந்தது. அதைப் பார்த்த செலிக்மன், இதையே ஆய்வாகச் செய்யலாமே என்றார். சரி என்று அரசாங்க வரவு செலவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு, தோண்டத் தோண்ட அதிர்ச்சி. வரி எங்கிருந்து வருகிறது? ஏழைக் குடியானவனிடமிருந்து. எங்கே போகிறது? ராணுவத்துக்கும், உயர் அதிகாரிகளின் சம்பளத்துக்கும், கடனுக்கு வட்டியாக லண்டனுக்கும். கொடுத்தவனுக்குத் திரும்பி வருவது மிகச் சொற்பம். வெள்ளைக்கார ஆட்சியை அதுவரை பெரிதாகக் குறை சொல்லாத ஒருவர், அவர்களுடைய புத்தகத்தில் அவர்களே எழுதி வைத்த எண்களைப் பார்த்துத்தான் மனம் மாறினார்.

'பொது நிதியும் நம் வறுமையும்' என்ற பொருளில் அமைந்த அந்த ஆய்வோடு 1929இல் ஊர் திரும்பினார். கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டு, முன்னோர் பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டதும் அந்தச் சமயத்தில்தான்.

காந்தியை முதன்முதலில் சந்தித்த கதை உண்மைதானா?

உண்மைதான். குமரப்பாவே சொல்லியிருக்கிறார்.

ஆய்வை அச்சிட வேண்டும், காந்தி ஒருமுறை பார்த்தால் நன்றாக இருக்கும் என்று 1929 மே 9ஆம் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். மதியம் இரண்டரை மணிக்குச் சந்திப்பு. கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி ஆற்றோரமாக நடந்தார். ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்து ஒரு கிழவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். ராட்டையை அதற்கு முன் பார்த்ததில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு, நேரம் இருக்கிறதே என்று நின்று வேடிக்கை பார்த்தார். சில நிமிடம் கழித்துக் கிழவர் பொக்கை வாயால் சிரித்து, "நீங்கள்தான் குமரப்பாவா?" என்று கேட்டார். அப்போதுதான் இவருக்கு உறைத்தது.

போட்டிருந்ததோ பட்டு சூட்டு. மடிப்புக் கலையும் என்று பார்க்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ நாற்காலி கொண்டு வந்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார்.

காந்தி ஆய்வைத் தன்னுடைய 'யங் இந்தியா' வாரப் பத்திரிகையில் தொடராக வெளியிடுவதாகச் சொன்னார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார்: குஜராத்தில் கிராமங்களுக்குப் போய் மக்களின் பொருளாதார நிலையை நேரில் கணக்கெடுக்க முடியுமா?

அந்தக் கணக்கெடுப்பில் என்ன செய்தார்?

கேடா மாவட்டத்தின் மாத்தர் தாலுகா. 54 கிராமங்கள். குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். எவ்வளவு நிலம், என்ன விளைந்தது, விதைக்கு என்ன செலவு, மாட்டுக்கு என்ன, கடன் எவ்வளவு, நிலவரி எவ்வளவு என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதினார்கள். வேறு வார்த்தையில் சொன்னால், ஒவ்வொரு விவசாயக் குடும்பத்துக்கும் வரவு செலவுக் கணக்கு போட்டார். பல குடும்பங்களில் செலவு போக மிச்சமே இல்லை, ஆனாலும் வரி கட்டுகிறார்கள் என்பது அதில் வெட்டவெளிச்சமானது.

அறிக்கை 1931இல் வெளிவந்தது. தலைநகரத்தில் உட்கார்ந்து சராசரி போடுவதற்கும் திண்ணையில் உட்கார்ந்து கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அதன் பக்கங்களில் தெரியும். பின்னால் அவர் மத்திய மாகாணங்கள், பேரார் பகுதியில் நடத்திய தொழில் ஆய்வுக்கும் இதுதான் முன்மாதிரி.

பண விஷயத்தில் ரொம்பக் கறாரானவர் என்கிறார்களே?

1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரிய பூகம்பம். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரண வேலை நடந்தது. நாடெங்கும் இருந்து வந்த பணத்துக்குக் கணக்கு பார்க்கக் குமரப்பாவை அழைத்தார்கள். ஒவ்வொரு அணாவும் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும் என்பதால், தொண்டர்களின் செலவுக்கே கடுமையான வரம்பு வைத்தார். அப்புறம் காந்தியும் அவரோடு ஒரு கூட்டமும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது, வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். காந்தி கோபித்துக்கொள்ளவில்லை, அதை ஏற்றுக்கொண்டார்.

இது வெறும் கறார்த்தனம் என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். ஒரு நிதியை யாருக்காகத் திரட்டினோமோ அவர்தான் அதன் சொந்தக்காரர், நாம் வெறும் காவல் என்ற எண்ணம் அவரிடம் ஊறிப்போயிருந்தது. பின்னால் இயற்கை வளங்களைப் பற்றி எழுதும்போதும் இதே எண்ணம்தான் பேசுகிறது.

சரி, அவருடைய முக்கியமான கருத்து என்ன?

'நிலைத்த பொருளாதாரம்' என்பது. எகானமி ஆஃப் பெர்மனன்ஸ் என்ற தலைப்பில் அவர் எழுதிய நூல், 1942க்குப் பிறகு ஜபல்பூர் சிறையில் இருந்தபோது உருவானது. 1945இல் வெளிவந்தது.

இயற்கையில் உயிர்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று பார்த்து, ஐந்து வகையாகப் பிரிக்கிறார்.

முதலாவது ஒட்டுண்ணித்தனம். ஆட்டைக் கொன்று தின்னும் புலி மாதிரி, பலன் தரும் மூலத்தையே அழித்துப் பிழைப்பது. இரண்டாவது கொள்ளை. மாந்தோப்பில் பழம் பறித்துத் தின்னும் குரங்கு மரத்தைக் கொல்வதில்லை, ஆனால் அந்தத் தோப்புக்கு அது ஒன்றும் செய்ததுமில்லை. மூன்றாவது உழைத்து எடுப்பது. தேனீ பூவில் தேன் எடுக்கும்போதே மகரந்தம் பரப்பிவிடுகிறது, எடுத்ததற்கு ஈடாக ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறது. நான்காவது கூட்டு வாழ்க்கை. அதே தேனீ தனக்கென்று சேர்க்காமல் மொத்தக் கூட்டுக்கும் சேர்க்கிறது. ஐந்தாவது சேவை. குஞ்சுக்கு இரை தேடும் தாய்ப்பறவை எந்தக் கூலியும் எதிர்பார்ப்பதில்லை.

மனிதர்களும் நாடுகளும் இந்த ஐந்தில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார். அடிமை நாட்டை உறிஞ்சும் ஏகாதிபத்தியத்தை அவர் முதல் படியில் வைத்தது ஆச்சரியமில்லை. கொலம்பியாவில் போட்ட கணக்கின் விடை அதுதானே. முதலிரண்டு படிகளில் இருக்கும் எதுவும் நிலைக்காது. மூலத்தைத் தின்றால் நாளை தின்ன ஏதும் இருக்காது.

இதில் குழந்தைக் கதை மாதிரி ஒரு எளிமை இருக்கிறது. புலி மேல் பழி போடுவது நியாயமா என்று உயிரியல் படித்தவர்கள் கேட்கலாம், கேட்டிருக்கிறார்கள். எனக்கு இது உயிரியலாகப் படவில்லை, ஒரு அளவுகோலாகப் படுகிறது. ஒரு தொழிலை எடுத்து இந்த ஐந்தில் எங்கே வைப்பீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள், பதில் பல சமயம் சங்கடமாக இருக்கும்.

'தேக்கம்', 'ஓட்டம்' என்றும் பிரித்தாராமே?

ஆமாம். என்னைக் கேட்டால் அவருடைய சிந்தனையிலேயே கூர்மையான இடம் இது.

நிலக்கரி, பெட்ரோலியம், இரும்பு, தாமிரம் எல்லாம் பூமி சேர்த்து வைத்த தேக்கம். எடுக்க எடுக்கக் குறையும். ஓடும் தண்ணீர், வளரும் மரம், விளையும் பயிர் எல்லாம் ஓட்டம். அளவோடு எடுத்தால் வந்துகொண்டே இருக்கும். தேக்கத்தின் மேல் வாழ்க்கையைக் கட்டினால் இரண்டு விளைவு. ஒன்று, அது ஒருநாள் தீரும். இரண்டாவதைத்தான் அவர் அழுத்திச் சொன்னார்: தீரப்போகும் பொருளுக்காக நாடுகள் அடித்துக்கொள்ளும். போர் பெட்ரோலிய வயல்களைச் சுற்றி வருவதைக் கண்முன்னால் பார்த்த தலைமுறை அது.

இதை அவர் சொன்னதோடு நிறுத்தவில்லை. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் 1934 டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் தொடங்கியது. குமரப்பாதான் செயலாளர். அங்கே மகன் தீபம் என்று ஒரு விளக்கு உருவாக்கினார்கள். மண்ணெண்ணெய் விளக்குக்குப் பதில், தாவர எண்ணெயில் எரியும் விளக்கு. மண்ணெண்ணெய் தேக்கம், வெளிநாட்டுக் கம்பெனியின் சரக்கு. தாவர எண்ணெய் வருடா வருடம் வயலில் விளைகிற ஓட்டம். ஒரு விளக்கின் திரிக்குள் மொத்தத் தத்துவத்தையும் வைத்துவிட்டார்கள்.

செக்கு, கைக்குத்தல் அரிசி, பனை வெல்லம் என்று ஏன் இவ்வளவு பிடிவாதம்? பழைமைப் பற்றுதானே?

பழைமைப் பற்று என்று நினைத்துக்கொண்டுதான் நானும் படிக்க ஆரம்பித்தேன். படித்தால் முழுக்கக் கணக்கு.

எண்ணெயை எடுத்துக்கொள்வோம். ஊர்ச் செக்கில் கடலை ஆட்டினால் எண்ணெய் ஊருக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு, மாட்டுச் சாணம் நிலத்துக்கு, ஆட்டிய கூலி செக்கு ஓட்டும் வாணியருக்கு. எதுவும் ஊரைவிட்டுப் போகவில்லை. அதே கடலை ஆலைக்குப் போனால்? எண்ணெய் மட்டும் விலை போட்டுத் திரும்பி வரும். புண்ணாக்கு வேறெங்கோ போகும். நிலத்துக்கு வர வேண்டிய சத்து போயிற்று, கூலி போயிற்று. ஆலைக்காரர் எண்ணெய் ஒரு காசு மலிவு என்பார். அந்த ஒரு காசு மட்டும்தான் சந்தை விலையில் தெரியும், மற்ற நஷ்டங்கள் எந்தப் புத்தகத்திலும் ஏறாது. அந்த விடுபட்ட பக்கங்களை எழுதிக் காட்டுவதுதான் குமரப்பாவின் வேலை.

அரிசியும் அப்படித்தான். ஆலையில் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கும்போது தவிட்டோடு சத்தும் போகிறது. வெள்ளை அரிசியையே நம்பியிருக்கும் மக்களுக்கு பெரிபெரி நோய் வரும் என்பது அன்றைக்கே மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். குத்திக் கூலி வாங்கிய பெண்களுக்கு அந்தக் கூலியும் போகிறது. ஆக ஆலை முதலாளிக்கு லாபம், சாப்பிடுகிறவருக்கும் குத்துகிறவருக்கும் நஷ்டம்.

பனை விஷயம் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். கரும்புக்கு நல்ல நஞ்சை நிலமும் ஏராளமான தண்ணீரும் வேண்டும். பனை, ஒன்றும் விளையாத தேரி மணல்காட்டிலும் வரப்பிலும் தானாக நிற்கிறது. அப்படியிருக்க, இனிப்புக்காக நெல் விளையும் நிலத்தை ஏன் எடுக்க வேண்டும்? வெல்லத்தைப் பனையிலிருந்து எடுங்கள், நஞ்சையைச் சோற்றுக்கு விடுங்கள் என்றார். ஒரு லட்சம் பேர் உள்ள ஒரு வட்டாரத்துக்குச் சத்தான சாப்பாடு போட எந்தப் பயிர் எவ்வளவு ஏக்கர் வேண்டும் என்று அட்டவணையே போட்டு, அதன்படிதான் சாகுபடியைத் திட்டமிட வேண்டும் என்று எழுதினார். முதலில் வயிறு, பிறகு சந்தை.

இயந்திரமே கூடாது என்றாரா?

இல்லை. மகன்வாடியில் நடந்ததே கருவிகளை மேம்படுத்தும் ஆராய்ச்சி. செக்கைத் திருத்தினார்கள், கைக்காகிதம் செய்தார்கள், தேனீ வளர்த்தார்கள். ரயில் போன்ற, சிறிய அளவில் செய்ய முடியாத பெரிய தொழில்கள் வேண்டும் என்றால் இருக்கட்டும், ஆனால் அவை லாப நோக்கம் இல்லாமல் பொது உடைமையாக இருக்க வேண்டும் என்றார். கருவி மனிதன் கைக்கு அடங்க வேண்டும், மனிதனைக் கருவியின் உதிரிபாகம் ஆக்கக்கூடாது என்பதுதான் அவர் கோடு.

வேலை என்பதைக் கூலிக்காகச் சகித்துக்கொள்ளும் தொல்லையாக அவர் பார்க்கவில்லை. உடம்புக்குச் சாப்பாடு எப்படியோ, மனிதனின் உயர்ந்த குணங்களுக்கு வேலை அப்படி என்றார். சாப்பாட்டிலிருந்து சத்தை எடுப்பது போலவே, வேலையிலிருந்து யோசனையையும் திறமையையும் உருவி எடுத்துவிட்டு வெறும் சக்கையைத் தொழிலாளிக்குக் கொடுக்கிறோம். தவிடு நீக்கிய அரிசியும் அறிவு நீக்கிய வேலையும் அவருக்கு ஒரே தப்பு.

பணத்தைப் பற்றி வித்தியாசமாக ஏதோ சொன்னாராமே?

பொருள் அழியும், பணம் அழியாது. அதனால் பொருள் வைத்திருப்பவனைவிடப் பணம் வைத்திருப்பவனுக்கு எப்போதும் கை ஓங்கியிருக்கும். இதுதான் அவர் வாதம்.

சாயங்காலச் சந்தையை நினைத்துப் பாருங்கள். கூடையில் மிச்சம் இருக்கும் கத்திரிக்காய் நாளைக்கு வாடிவிடும். விற்கிற அம்மாவுக்கு இன்றைக்கே தள்ளியாக வேண்டும். வாங்க வந்தவர் பையில் இருக்கும் ரூபாய் நாளைக்கும் ரூபாய்தான். அவர் காத்திருக்கலாம், அந்த அம்மாவால் முடியாது. பேரம் பேசும்போது இரண்டு பேரும் சமம் என்று பாடப்புத்தகம் சொல்லலாம், கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும் அது எவ்வளவு பொய் என்று.

அதனால்தான் நிலவரியைத் தானியமாகவே வாங்கலாம், கிராமக் கூட்டுறவுச் சங்கங்கள் விளைச்சலைச் சேமித்துப் பரிமாற்றம் செய்யலாம் என்றெல்லாம் அவர் யோசனை சொன்னார். வரி கட்டப் பணம் வேண்டும் என்பதற்காகவே அறுவடை முடிந்த கையோடு அடிமாட்டு விலைக்கு நெல்லை விற்கும் நிலை அப்போதாவது குறையும் என்பது அவர் எண்ணம். நடைமுறையில் இது எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார்.

இரண்டாம் உலகப்போர் காலத்தில் எதற்காகப் பிரிட்டிஷ் அரசை அவ்வளவு கடுமையாகத் தாக்கினார்?

போருக்கு இந்தியாவிலிருந்து தானியம், துணி, சரக்கு எல்லாம் போயிற்று. பதிலுக்கு வந்தது லண்டனில் ஒரு கணக்கில் வரவு வைக்கப்பட்ட ஸ்டெர்லிங், அதாவது பிரிட்டிஷ் பவுண்டு. அந்த வரவைக் காட்டி இங்கே நோட்டு அடித்தார்கள். சரக்கு குறைந்தது, நோட்டு பெருகியது, விலை ஏறியது. போர் முடியும்போது பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டிய தொகை சுமார் 130 கோடி பவுண்டு ஆகியிருந்தது. அந்தக் காகிதத்தை வைத்துச் சோறு பொங்க முடியாது. 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பசியில் செத்தார்கள்.

ஆரம்பத்திலேயே இதைப் பார்த்த குமரப்பா, எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பு 'அப்பத்துக்குக் கல்' என்று பொருள்படும். "தன்னிடத்தில் அப்பத்தைக் கேட்கிற தன் மகனுக்குக் கல்லைக் கொடுப்பானா?" என்ற மத்தேயு சுவிசேஷ வசனம் அது. சின்ன வயதில் வேதாகமத்தில் படித்தது, ஆடிட்டர் வேலையில் கற்றது இரண்டும் அந்தத் தலைப்பில் ஒன்றாக நிற்கின்றன. விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை கண்டவர், இந்த முறை உள்ளே போய் வெளியே வர 1945 ஆயிற்று.

கிறிஸ்தவராகவே இருந்தாரா?

கடைசிவரை. ஆனால் திருச்சபைத் தலைவர்களோடு மோதினார். உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது கிறிஸ்தவர்கள் போராட்டத்தின் பக்கம் நிற்க வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். அப்போது ஆங்கிலிக்கன் சபையின் தலைமைப் பேராயராக இருந்த ஃபாஸ் வெஸ்ட்காட்டோடு கடித வழியே பெரிய விவாதமே நடந்தது. சிறையில் இருந்தபடியே இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அதற்கு முன்னுரை எழுதிய காந்தி, அவருக்கு 'கிராமத் தொழில் டாக்டர்' என்று அன்பாக ஒரு பட்டமும் கொடுத்தார்.

நேருவோடு ஒத்துப்போகவில்லை, இல்லையா?

ஒத்துப்போகவில்லை. 1938இல் காங்கிரஸ் ஒரு தேசியத் திட்டக்குழுவை அமைத்தது. சுபாஷ் போஸ் காங்கிரஸ் தலைவர், நேரு குழுவின் தலைவர். கிராமத் தொழில்கள் சார்பாகக் குமரப்பா உள்ளே போனார். பெரிய தொழில்கள்தான் பாதை என்று பேச்சு ஏற்கெனவே முடிவாகியிருப்பதைப் பார்த்துச் சில மாதங்களில் விலகிவிட்டார். சுதந்திரத்துக்குப் பிறகும் அதே கதைதான். 1956இல் தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் கனரகத் தொழில்களின் மேல் நின்றது. அவர் விரும்பிய இந்தியாவிலிருந்து நாடு வெகுதூரம் போய்விட்டது.

அரசாங்கம் அவர் பேச்சைக் கேட்கவே இல்லையா?

ஒரு விஷயத்தில் கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் கிராமங்கள் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நிலம்.

காங்கிரஸ் அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். 1949இல் அறிக்கை கொடுத்தார்கள். இடைத்தரகர்கள் ஒழிய வேண்டும். நிலம் உழுகிறவருக்கே. கைம்பெண்கள், சிறுவர்கள், உடல் ஊனமுற்றவர்கள் தவிர வேறு யாரும் நிலத்தைக் குத்தகைக்கு விடக்கூடாது. தொடர்ந்து ஆறு வருடம் உழுதவருக்கு அந்த நிலத்தில் உரிமை. ஒரு குடும்பம் கௌரவமாகப் பிழைக்கத் தேவையான நிலத்தைப் போல மூன்று மடங்குதான் உச்சவரம்பு.

படித்தால் அடங்கிய காந்தியவாதி எழுதியது போலவே இருக்காது. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. ஆனால் உச்சவரம்பும் குத்தகைப் பாதுகாப்பும் வருடக்கணக்கில் இழுபட்டு, ஓட்டைகளோடு வந்தன. சட்டம் வருவதற்குள் நிலத்தை உறவினர் பெயரில் எழுதி வைத்த குடும்பங்கள் எந்த ஊரில் இல்லை?

அவரைக் கம்யூனிஸ்ட் என்று சொன்னார்களே?

1951இல் சீனாவுக்கும் அடுத்த வருடம் சோவியத் யூனியனுக்கும் போய் வந்தார். சீனாவில் நிலம் பங்கிடப்பட்டதைப் பாராட்டி எழுதினார். சக காந்தியவாதிகள் சிலருக்கே அது பிடிக்கவில்லை. அவர் வன்முறையை ஏற்றவர் அல்ல, எல்லாவற்றையும் மையத்தில் குவிப்பதையும் ஏற்றவர் அல்ல. உழுகிறவன் கைக்கு நிலம் வந்ததா என்று பார்த்தார், வந்தது என்றார். கண்டதை மறைக்கத் தெரியாதவர்.

வாழ்க்கைத் தரம் உயர வேண்டாம் என்றாரா? வறுமையைப் புகழ்ந்தாரா?

வறுமையைப் புகழவே இல்லை, அதை ஒழிப்பதற்குத்தான் இத்தனையும். 'உயர்ந்த' வாழ்க்கைத் தரம், 'தாழ்ந்த' வாழ்க்கைத் தரம் என்ற வார்த்தைகளையே அவர் ஏற்கவில்லை. 'சிக்கலான' வாழ்க்கை, 'எளிய' வாழ்க்கை என்று சொல்லுங்கள் என்றார். தரையில் பாய் விரித்து வாழை இலையில் சாப்பிடுவது தாழ்வு, மேசை நாற்காலி போட்டுப் பீங்கான் தட்டில் சாப்பிடுவது உயர்வு என்று எதை வைத்துச் சொல்கிறோம்? சத்தும் சுத்தமும் அறிவும் அன்பும் எளிய வாழ்க்கையிலும் நிறைவாக இருக்க முடியும்.

அவரிடம் நீங்கள் காணும் குறை என்ன?

இரண்டு சொல்வேன், இரண்டும் பெரியவை.

முதலாவது, பெண்களின் உடம்பு வலி. எங்கள் பாட்டி உலக்கை பிடித்தவர். அவர் உள்ளங்கையில் காய்ப்பு ஏறிக் கல் மாதிரி இருக்கும். ஊருக்கு ரைஸ்மில் வந்த வருடத்தைத் திருவிழா மாதிரி ஞாபகம் வைத்திருந்தார். தவிட்டில் சத்து போகிறதே என்று நான் சொன்னபோது, "குத்திப் பார்த்துட்டுச் சொல்லுடா கண்ணு" என்றார். குமரப்பாவின் பேரேட்டில் கூலி இழந்த பெண் இருக்கிறாள், விடியுமுன் எழுந்து வீட்டுக்காகக் கூலியில்லாமல் குத்திய பெண் தேவையான அளவுக்கு இல்லை.

இரண்டாவது, சாதி. கிராமத்தை அவர் ஒரு பொருளாதார அலகாகப் பார்த்தார். அதே கிராமத்தை அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அறியாமையின் குகை என்றும் குறுகிய மனத்தின் இடம் என்றும் சொன்னார். செக்கு வாணியருக்கு, தோல் சக்கிலியருக்கு என்று தொழில் பிறப்போடு ஒட்டியிருக்கும் வரை, ஊருக்குள்ளேயே சுற்றும் பொருளாதாரம் ஊரின் கொடுமையையும் சேர்த்தே சுற்றவைக்கும். நிலச்சீர்திருத்த அறிக்கையில் இதற்கு ஒரு பாதிப் பதில் இருக்கிறது. முழுப் பதில் இல்லை.

வெளிநாட்டில் யாராவது அவரை மதித்தார்களா?

பொருளாதார அறிஞர் ஈ.எஃப். ஷூமாக்கர். 1973இல் வெளிவந்து உலகமெங்கும் பேசப்பட்ட 'ஸ்மால் ஈஸ் பியூட்டிஃபுல்' நூலில், பௌத்தப் பொருளாதாரம் பற்றிய அத்தியாயத்தில், வேலையைப் பற்றிக் குமரப்பா எழுதியதை மேற்கோள் காட்டுகிறார். மேலே நான் சொன்ன, உடம்புக்குச் சாப்பாடு மாதிரி என்ற கருத்துதான் அது. பிற்காலத்தில் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா அவரைப் 'பசுமைக் காந்தியர்' என்று குறிப்பிட்டார்.

பாரதன் குமரப்பாவும் இவரும் ஒருவரா?

இல்லை, பாரதன் இவருடைய தம்பி. அவரும் கிராமத் தொழில்கள் சங்கத்தில் வேலை செய்தார், பொருளாதாரம் பற்றி எழுதினார். பெயர்க் குழப்பம் நூலக அட்டவணைகளிலேயே உண்டு.

கடைசிக் காலம் எங்கே?

மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில். திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் வழியில் இருக்கிறது. ரத்த அழுத்தம் அவரை வெகுவாகப் படுத்தியிருந்தது. குடிசையில் தங்கியிருந்தார். வினோபா பாவே அங்கே வந்தபோது, சுவரில் இருந்த காந்தி படத்தைக் காட்டி, இவர் என் எஜமானர் என்றார் குமரப்பா. பக்கத்தில் ஒரு ஏழைக் கிராமத்தான் படம். அதைக் காட்டி, இவர் என் எஜமானருக்கு எஜமானர் என்றார்.

எதிலிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

நேராக 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்'. சின்னப் புத்தகம், முதல் பகுதியை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம். பிடித்திருந்தால் 1936இல் வந்த 'ஒய் தி வில்லேஜ் மூவ்மென்ட்'. எண்கள் மேல் ஆர்வம் உள்ளவர்கள் மாத்தர் தாலுகா அறிக்கையைத் தேடிப் பிடியுங்கள். அட்டவணைகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள், அந்தக் குடும்பங்கள் அங்கேதான் இருக்கின்றன.